இரண்டாவது ஒத்திகை

நான் சரிபார்ப்பவள். உத்தியோகமும் அதுதான், பிறவிக்குணமும் அதுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போன பிறகு, அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திரும்புவேன். ஒருநாள் அப்படித் திரும்பி வந்து, குமிழை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். வீட்டுக்காரரின் மூக்கு நன்றாக வேலை செய்ததால் பிழைத்தோம். "ஒழுங்கா மூடியிருந்த அடுப்பைத் திறக்கிறதுக்குன்னே பாதி வழியிலேர்ந்து திரும்பி வந்த ஒரே ஆள் இவதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அவருக்கும் பொழுது போக வேண்டும்.

வங்கியில் இந்தக் குணத்துக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். மூன்றாம் மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். வெளிநாட்டுக்குப் போகிற பெரிய தொகைகளெல்லாம் அங்கிருந்துதான் போகும். போகும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். உண்மையில் பணம் எங்கேயும் போவதில்லை. எங்கள் வங்கிக்கு அந்த நாட்டு வங்கி ஒன்றில் கணக்கு இருக்கும். 'எங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து இன்னாருக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று ஒரு செய்தி போகும். அவ்வளவுதான் விஷயம். உலகத்து வங்கிகளெல்லாம் சேர்ந்து போட்டிருக்கும் தனி வலையில் அந்தச் செய்தி ஓடும். அதில் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு குறியீடு, வீட்டு விலாசம் மாதிரி. முதல் நான்கு எழுத்து எந்த வங்கி, அடுத்த இரண்டு எந்த நாடு, அதற்கடுத்த இரண்டு எந்த ஊர். கிளையையும் சொல்ல வேண்டுமென்றால் பின்னால் இன்னும் மூன்று. இதை வைத்துக்கொண்டு ஒரு கப்பலையே வாங்கலாம். ஒரு எழுத்து பிசகினால் அந்தக் கப்பல் யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒரு செய்தி வெளியே போக மூன்று கை வேண்டும். ஒருவர் அடிப்பார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் விடுவிப்பார். அடிப்பவருக்குப் பெயர் கமா. நாங்கள் வைத்த பெயர்தான். பழைய படிவத்தில் தொகைக்கு நடுவில் புள்ளி போடக் கூடாது, கமாதான் போட வேண்டும். அது விட்டுப்போய்விடக் கூடாதே என்று கவலைப்பட்டுக் கவலைப்பட்டு, மனிதர் மளிகைச் சீட்டில்கூடக் கமா போட ஆரம்பித்துவிட்டார். விடுவிப்பவர் எங்கள் மேலாளர். அவர் கழுத்தில் ஒரு சின்னக் கருவி தொங்கும். அதைக் கணினியில் செருகினால்தான் செய்தி வெளியேறும். அதனால் அவர் சாவி மேடம். நடுவில் நான்.

போன வருஷம் செய்திப் படிவத்தையே அடியோடு மாற்றினார்கள். முன்பு ஒரே மூச்சில் அடித்த விலாசத்துக்கு இப்போது தெருவுக்கொரு கட்டம், கதவு எண்ணுக்கொரு கட்டம். பழகிக்கொள்வதற்காக ஒரு பயிற்சித் திரை கொடுத்தார்கள். நிஜத் திரை மாதிரியே இருக்கும். அடிக்கலாம், சரிபார்க்கலாம், விடுவிக்கலாம். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வலையிலிருந்து பதில்கூட வரும். ஆனால் அந்தப் பக்கம் ஆளே கிடையாது. மேலே ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. அது ஒன்றுதான் திரையில் வித்தியாசம். மற்ற வங்கிகளெல்லாம் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டு அதை மூடிவிட்டார்கள். எங்கள் பிரிவில் மட்டும் நான் விடவில்லை. பெரிய தொகை என்றால் முதலில் பயிற்சித் திரையில் மூன்று பேரும் ஓர் ஒத்திகை, அப்புறம் நிஜம். ஒத்திகை முடிந்ததும் நான் இண்டர்காமில், "சரி மேடம், இப்ப நிஜம்" என்பேன். கமா திரையை மாற்றுவார். மறுபடி அடிப்பார். இரண்டு தடவை அடித்தால் ஒரு செய்தி போயிற்று என்று கணக்கு.

இப்படி இருக்கும்போதுதான் என் தம்பி க்ரேன் வாங்கினான்.

அவன் அதுவரை ஊரில் உள்ள க்ரேனையெல்லாம் ரிப்பேர் செய்தவன். கிரீஸ் போகாத நகத்தோடுதான் கல்யாண மேடையிலேயே உட்கார்ந்தான். எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கிடப்பது என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றிவிட்டது. கடல் தாண்டி ஒரு துறைமுக நிறுவனம் மூடப்பட்டு, அதன் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு க்ரேனைக் கேட்டு எடுத்துவிட்டான். வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போயிற்று. முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதி முழுத்தொகையும் குறித்த நாள் மாலைக்குள் ஏலக்காரர்களின் வங்கிக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் க்ரேன் அடுத்த ஆளுக்கு, முன்பணம் கோவிந்தா.

"எங்க பேங்க் மூலமாவே அனுப்புடா. நான் இருக்கேன்ல" என்று சொன்னவள் நான்தான்.

நான் இருந்தேன், ஆனால் தொட முடியாது. ரத்த சம்பந்தம் உள்ளவர்களின் செய்தியில் கை வைக்கக் கூடாது என்பது விதி. எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். எனக்குப் பதிலாகக் கடன் பிரிவிலிருந்து ஒருவரை உட்கார வைத்தார்கள். நல்ல மனிதர். ஆனால் அவர் எதையும் ஒரு தடவைதான் பார்ப்பார். ஒரு விஷயத்தை ஒரே தடவை பார்த்துவிட்டு ஒருவரால் எப்படி நிம்மதியாக டீ குடிக்க முடிகிறது என்று எனக்குப் புரிவதேயில்லை.

கெடு மறுநாள்தான். ஒரு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுவோம் என்று நான்தான் துரத்தினேன். காலையில் தம்பி கணக்கிலிருந்து தொகையைப் பிடித்தாயிற்று. மதியம் கமா அடிக்க உட்கார்ந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மேஜையில் வேறு செய்திகள் குவிந்து கிடந்தன. கண் அங்கே போகவில்லை. கமாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"கதவு எண் எந்தக் கட்டத்துல போட்டீங்க?"

"போட வேண்டிய கட்டத்துலதான்."

"ஒரு தடவை பாருங்களேன்."

"அம்மா தாயே, நீங்க தொடக் கூடாதுன்னா பார்க்கவும் கூடாதுன்னுதான் அர்த்தம். போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். ஒத்திகை நடந்தது. கமா அடித்தார், கடன் பிரிவுக்காரர் சரி என்றார், சாவி மேடம் தன் அறையிலிருந்து விடுவித்தார். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. எல்லாம் சரி. எல்லோருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் இல்லை. ஏலக்காரர்களின் நிறுவனப் பெயர் நீளமானது. அது இரண்டு வரியாக மடங்கிய இடம் என்னவோ போலிருந்தது. குனிந்து கமாவின் காதில் சொன்னேன்.

"இன்னொரு ஒத்திகை பார்த்துடுங்க. எனக்காக."

"நல்லாத்தானே போச்சு?"

"பேரு மடங்கியிருக்கு பாருங்க. அதை ஒரே வரியில கொண்டு வந்துட்டு இன்னொரு தடவை. தம்பி வீட்டுப் பத்திரம் அதுல இருக்கு."

கமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சரி, நீங்க முதல்ல வெளிய போங்க. மூச்சு காதுல படுது" என்றார்.

போனேன். மாடிப்படியில் ஏறி இறங்கினேன். தண்ணீர் குடித்தேன். கைப்பேசியை எடுத்துத் தம்பியிடமிருந்து வந்திருந்த செய்திகளைப் பார்த்தேன். 'அக்கா போயிடுச்சா', 'அக்கா?', 'அக்கா சாப்டியா'. மூன்றாவதும் முதல் கேள்விதான், வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கிறான். எவ்வளவு நேரம் படியில் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது கமா நாற்காலியில் இல்லை. ஏதோ கிளையிலிருந்து அவசர அழைப்பு என்று மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். கடன் பிரிவுக்காரர் தன் மாடிக்குப் போய்விட்டிருந்தார். அச்சுப்பொறியில் ஒரு தாள் கிடந்தது. தம்பியின் பெயர், ஏலக்காரர்களின் பெயர் ஒரே வரியில், அடியில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது'.

போயே போய்விட்டது! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செய்யக் கூடாததைச் செய்தேன். தாளைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பிவிட்டேன். 'போயிடுச்சுடா. நிம்மதியா தூங்கு' என்று கீழே எழுதினேன். அவன் பதிலுக்கு ஒரு க்ரேன் படத்தைப் போட்டு, 'உன் பேரை எழுதிடுறேன் அக்கா இதுல' என்றான். மூச்சு இறங்கியது. அன்று தெருமுனையிலிருந்து திரும்பாமலேயே வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் தம்பியிடமிருந்து அழைப்பு.

"அக்கா, அவங்க பேங்க்ல ஒண்ணும் வரலையாம்."

"வரும்டா. நடுவுல இன்னொரு பேங்க் இருக்கு. அவங்க பார்த்து அனுப்பணும்ல."

"நானும் அதைத்தான் சொன்னேன். நீ அனுப்பின படத்தை அவங்களுக்கு அனுப்பி வச்சிருக்கேன். பார்த்துட்டுச் சொல்றோம்னாங்க."

"அதை ஏன்டா அனுப்பின?"

"பின்ன எதுக்கு அனுப்பின நீ? ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

கமாவிடம் போய், நடு வங்கிக்கு ஒரு விசாரணைச் செய்தி போடச் சொன்னேன். போட்டார். நான் என் வேலையைப் பார்க்கிறேன் பேர்வழி என்று திரையை வெறித்துக்கொண்டிருந்தேன். ஒரு செய்தியை மூன்று தடவை படித்தும் யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொரு தடவை அச்சுப்பொறி முனகும்போதும் எழுந்து ஓடினேன். கடைசியில் நடு வங்கியின் பதில் வந்தது. இப்படி ஒரு செய்தி எங்களுக்கு வந்ததாகத் தடயமே இல்லை. தேடல் எண்ணைச் சரிபார்க்கவும்.

"தடயமே இல்லையாமே!" என்றார் கமா. முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு தடவை அடிச்சேனே."

"நானும் ரெண்டு தடவை அழுத்தினேன்" என்றார் சாவி மேடம் அறைக்குள்ளிருந்து வந்து. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

கடன் பிரிவுக்காரரைப் போனில் கேட்டோம். அவரும் இரண்டு தடவை பார்த்தாராம். வாழ்க்கையில் முதல்முறையாக.

அப்போது கைப்பேசி அடித்தது. தம்பிதான். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, அவங்க வக்கீல்கிட்டேர்ந்து மெயில் வந்திருக்கு. நான் அனுப்பின காப்பி போலியாம்."

"என்னது?"

"போலிப் பத்திரம் காட்டி ஏமாத்தப் பார்த்தோம்னு போட்டிருக்காங்க. என் பேர்ல எந்தப் பணம் வந்தாலும் வாங்க வேணாம்னு அவங்க பேங்க்குக்குச் சொல்லிட்டாங்களாம். சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு போலீஸுக்குப் போறாங்களாம். அக்கா, அனுப்பின பேங்க் குறியீட்டுல எட்டாவது இடத்துல பூஜ்யம் இருக்காம். அது நிஜ பேங்க் இல்லையாம், பயிற்சிக்கு வச்சிருக்கிறதாம். அப்டின்னா என்ன?"

அது என்னவென்று எனக்குத் தெரியாதா! பயிற்சித் திரையிலிருந்து போகும் எதிலும் எங்கள் குறியீட்டின் எட்டாவது இடத்தில் பூஜ்யம் வந்து உட்காரும். நிஜக் குறியீட்டில் அது வரவே வராது. தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நான் பார்க்கிற இடம் அது. அன்று பார்க்கவில்லை. தம்பியின் பெயரைப் பார்த்தேன், 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்பதைப் பார்த்தேன், போதுமென்று இருந்துவிட்டேன்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். நீ யார்கிட்டயும் எதுவும் பேசாத. நான் கூப்பிடறேன்."

வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நடந்தது முழுக்க அப்போதே கண்முன் வந்துவிட்டது. யாரும் தூங்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஓர் ஒத்திகை, ஒரு நிஜம், மொத்தம் இரண்டு. அது எங்கள் எல்லோர் கைக்கும் பழகிப்போன கணக்கு. நேற்று இரண்டும் ஒத்திகை. இரண்டாவதும் ஒத்திகைதான் என்று தெரிந்தவர்கள் நானும் கமாவும் மட்டும். நான் படியில் நின்றேன். கமாவைக் கிளைக்காரர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் விரல்களுக்கு இரண்டு தடவை அடித்த ஞாபகம் மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது. "சரி மேடம், இப்ப நிஜம்" என்று சொல்கிற ஆள் தொடக் கூடாதவளாக ஒதுங்கி நின்றாள். தம்பியின் பணம் எங்கள் வங்கியிலேயே ஓர் இடைக்கணக்கில் ராத்திரி முழுக்க நிம்மதியாகப் படுத்துக் கிடந்திருக்கிறது. நானும்தான் நிம்மதியாகப் படுத்துக் கிடந்தேன். நினைக்க நினைக்க என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாவி மேடம் அறைக்குள் போய்ச் சொன்னேன். அவர் நல்ல நிர்வாகி. முதலில் கத்தவில்லை.

"சரி. பணத்தை இப்பவே அனுப்பிடலாம். நம்ம கணக்குல இருக்கு. தொழில்நுட்பக் கோளாறு, தாமதத்துக்கு வருந்துகிறோம்னு ஒரு கடிதம் கஸ்டமருக்குக் கொடுத்துடலாம்."

"பத்தாது மேடம். பணம் போனாலும் வாங்க மாட்டாங்க. அவனைத் திருடன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"ஏன் திருடன்னு நினைக்கணும்?"

"அந்தக் காப்பியைப் பார்த்துட்டு. பூஜ்யம் போட்ட காப்பி."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒத்திகைக் காப்பி எப்படி இந்த அறையை விட்டு வெளிய போச்சு?"

கதவு மூடியிருந்தது. என் பின்னாலேயே வந்திருந்த கமா பக்கத்தில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பரபரத்தது.

"நான் போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டாவது ஒத்திகை பார்க்கச் சொன்னதும் நான்தான். கமா சாருக்கு இதுல சம்பந்தமில்லை."

"சம்பந்தமில்லைன்னு எப்படிச் சொல்றது, அடிச்சது நான்தானே" என்று முனகினார் கமா.

"நீங்க சும்மா இருங்க சார்."

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப என்ன பண்ணணும்கிற?"

"அவங்க பேங்க்குக்கு நம்ம பேங்க்கே நேரடியா ஒரு செய்தி எழுதணும் மேடம். வலையிலேயே. அந்தக் காப்பி எங்க பயிற்சித் திரையிலேர்ந்து வந்தது, கஸ்டமர் பொய் சொல்லலை, தப்பு எங்களோடதுன்னு. கடிதம், மெயில் எதையும் அவங்க நம்ப மாட்டாங்க. நம்ம குறியீட்டுலேர்ந்து போற செய்தியை மட்டும்தான் நம்புவாங்க."

அதுதான் இந்த வலையின் சூட்சுமம். பணம் கேட்காமல், சும்மா பேசுவதற்கென்றும் அதில் ஒரு படிவம் உண்டு. கட்டங்கள் கிடையாது, எழுத வேண்டியதை எழுதலாம். ஆனால் அதில் எழுதுவது ஒரு மனிதனின் பேச்சு அல்ல, வங்கியின் வாக்கு. எழுதினால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. தணிக்கைக்காரர்கள் வந்து வரிவரியாகப் படிப்பார்கள்.

"எழுதினா, கஸ்டமர் விவரத்தைப் பயிற்சித் திரையில போட்டு விளையாடினோம்னு நாமளே ஒத்துக்கிறதாகும். ஒத்திகைக்கு இத்தனை நாளா சரின்னு சொன்னது நான். என் தலையும் உருளும்."

"தெரியும் மேடம்."

"உன் வேலை?"

"அவன் தலைக்கு முன்னாடி என் வேலை என்ன மேடம். அவன் கடைசி வரைக்கும் போலிப் பத்திரம் காட்டினவன்னு பேர் வாங்கிடுவான். அந்தப் பேர் ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் எந்த பேங்க்கும் அவனைக் கிட்ட சேர்க்காது. க்ரேனைக்கூட விடுங்க."

க்ரேனைக்கூட விடுங்கள் என்று சொன்னேனே தவிர, மனசு க்ரேனையும் விடவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் யோசித்த நேரம் கொஞ்சம்தான். எனக்கு அங்கேயே நரைத்துவிடும் போலிருந்தது. பிறகு கையை நீட்டினார்.

"உன் அட்டையைக் கொடு."

கொடுத்தேன்.

"வெளிய போய் நில்லு. இனிமே நீ இந்த அறையில எதையும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, யார் காதுலயும் பேசக் கூடாது. கமா, வந்து உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

கண்ணாடிக் கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. ஏலக்காரர்கள் ஊரில் மாலை ஆக இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அதிகம் இல்லை. கடன் பிரிவுக்காரர் படியேறி ஓடி வந்தார். என்னைப் பார்த்து ஏதோ ஆறுதலாகச் சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உள்ளே போய்விட்டார்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மேடம் நின்றபடி சொல்ல, கமா அடித்தார். நடுவில் ஒரு இடத்தில் கமா நிறுத்தி எதையோ கேட்டார். மேடம் தலையை ஆட்டினார். பிற்பாடு கமா சொல்லித்தான் தெரியும். 'மிகவும் வருந்துகிறோம்' என்று போடலாமா என்று கேட்டாராம். "வருத்தம் வேண்டாம், உண்மை போதும்" என்றாராம் மேடம். பிறகு அந்தக் கருவியைக் கழுத்திலிருந்து எடுத்தார். செருகினார். போயிற்று.

அடுத்தது பணம். கமா நாற்காலியைச் சரிசெய்துகொண்டு அடிக்க ஆரம்பித்தார். விரல்கள் கொஞ்ச தூரம் ஓடின. சட்டென்று நிறுத்தி, திரையின் மேல் விளிம்பைப் பார்த்தார். மஞ்சள் கோடு இருக்கிறதா என்று பார்க்கிறார். எழுந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி, கதவுக்கு வெளியே நிற்கிற என்னைப் பார்த்தார். புருவம் மேலே போனது. கேள்வி எனக்குப் புரிந்தது. அத்தனை நாள் பழக்கம். ஒத்திகை பார்க்காமல் அவர் கை ஓட மறுக்கிறது.

என் உடம்பு முழுக்க, 'ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க' என்று துடித்தது. ஏலக்காரர்களின் பெயர் மடங்கியிருக்குமோ? கதவு எண்? அடுப்பு, பூட்டு, குழாய் என்று வாழ்நாளில் நான் பார்த்த அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து கூப்பாடு போட்டன. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது கமா அடித்து முடித்திருந்தார். கடன் பிரிவுக்காரர் ஒரு தடவை பார்த்தார். சரி என்றார். மேடம் விடுவித்தார். பதில் வந்ததா என்று அவர்கள் முகத்தில் தேடினேன். கமா திரையைப் பார்த்தார், குறியீட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக எண்ணினார், எட்டாவதில் நின்றார். பிறகு கட்டை விரலை உயர்த்தினார்.

தம்பிக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்குக் கை கூசியது. போயிடுச்சு என்ற சொல்லை நேற்றே செலவழித்துவிட்டேன். படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். காவலாளி இரண்டு தடவை வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் அட்டை இல்லாமல் கழுத்து லேசாக இருந்தது. கை அடிக்கடி அதைத் தேடிப்போய் வெறும் நாடாவைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. செய்தியை நம்புவார்களா? நம்பினாலும் கெடுவுக்குள் வக்கீல் பார்ப்பாரா? பார்த்தாலும், அடுத்த ஆளுக்கு க்ரேனைக் கொடுக்க அவர்களுக்கு ஆசை இருந்தால்?

வெயில் படிக்கட்டு ஜன்னலை விட்டு இறங்கிய பிறகு அவன் அழைத்தான். எடுத்தேன்.

"அக்கா."

"ம்."

"வந்துடுச்சு."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

"அழாத அக்கா. வக்கீலே போன் பண்ணினாரு. ஒரு பேங்க் இப்படித் தன் தப்பைத் தானே எழுதி அவர் பார்த்ததே இல்லையாம். சாரி சொன்னாரு. அந்த மெயிலை வாபஸ் வாங்கிட்டாங்க. க்ரேன் நம்மளுது."

"உன் பேர்?"

"அதுவும் என்கிட்டயேதான் இருக்கு." சிரித்தான். "உனக்கு என்னாச்சு? மேடம் என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் முன்னாடி வந்து சொன்னாங்க, கீழே கவுண்ட்டருக்கு மாத்தறாங்களாம். விசாரணை முடியற வரைக்கும் பாஸ்புக் போட்டுக் கொடுத்துட்டு இருக்கணும்."

"எல்லாம் என்னாலதான்."

"உன்னால இல்லடா, என்னால. ஒரு ஒத்திகை போதும்னு விட்டிருந்தா நேத்தே வந்திருக்கும். நான்தான் கமா சார் காதுல போய் இன்னொண்ணு பார்க்கச் சொன்னேன்."

அவனுக்கு இது தெரியாது. மறைத்திருக்கலாம், கேட்டிருக்கவே மாட்டான். எங்கேயோ ஒரு சுத்தியல் இரும்பில் அடிக்கிற ஓசை மட்டும் கேட்டது. பட்டறையில் நின்று பேசுகிறான். அவன் திட்ட வேண்டுமென்று நான் காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இனிமே என் விஷயத்துல மட்டும் நீ கொஞ்சம் அஜாக்கிரதையா இரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் அது விளையாட்டுக்குச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அவன் என்ன பாடுபட்டிருப்பான் என்பது முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"சரிடா" என்றேன்.

"சரி, நான் கிளம்பறேன். இருட்டறதுக்குள்ள வண்டி ஓட்டிட்டுப் போகணும். வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட நேர்ல சொல்லணும்."

மெதுவா போ, ஹெல்மெட்டைப் போட்டியா, வாரைச் சரியா மாட்டினியா, போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு. எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவன் போனை வைக்கும் வரை கையை எடுக்கவில்லை.